விமானங்களைக் கேட்டவர்

யாராவது "சரி" என்று மட்டும் சொன்னால் அவர் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ளமாட்டார். "என்னா சரி? நான் என்னா சொன்னேன், சொல்லுங்க பாப்போம்" என்று வாசலை மறித்து நிற்பார்.

தெஹியோவிட்டவுக்கு மேலே இருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தின் பிள்ளைமடுவத்தில் அவர் ஆயா. விடியும்போதே பால் வெட்டக் கிளம்பும் பெண்கள் கைக்குழந்தைகளை அவரிடம் ஒப்படைத்துவிட்டு மலையேறுவார்கள். மற்றத் தோட்டங்களில் இது ஓட்டமும் நடையுமாக முடிகிற காரியம். எங்கள் தோட்டத்தில் அப்படியில்லை. தாய் சொல்வதை ஆயாம்மா ஒருமுறை திருப்பிச் சொல்வார். ஆயாம்மா சொல்வதைத் தாய் திருப்பிச் சொல்ல வேண்டும். இரண்டும் பொருந்திய பிறகுதான் குழந்தை கை மாறும்.

"பாணி மருந்து பத்து மணிக்கு ஒரு மூடி. கக்கிட்டா ரெண்டாந்தரம் குடுக்கக் கூடாது. குளிக்க வாக்க வேணாம். சாயங்காலம் நீ வருவ, இல்லாட்டி ஒந்தங்கச்சி வருவா. மாமியா வந்து கேட்டா குடுக்கக் கூடாது. சரியா?"

"ஆமா ஆயாம்மா. மாமியாளுக்கு ஏன் குடுக்கக் கூடாதுன்னா..."

"அத நான் கேக்கல. குடுக்கக் கூடாதுங்கிறது சரியா, அத மட்டும் சொல்லு."

வரிசையில் நிற்கும் பெண்கள் சிரிப்பார்கள். ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்திலிருந்து கங்காணி கத்துவார். ஆயாம்மா இரண்டையும் பொருட்படுத்தமாட்டார். வாயாடியான ஒருத்தி ஒருநாள், "இப்புடி ஒன்னொன்னையும் திருப்பித் திருப்பிக் கேட்டா ஒம்புருசன் ஓடாம என்னா செய்வான்" என்றாள். "அவன் எங்கடி சொல்லிட்டு ஓடுனான்? சொல்லியிருந்தா திருப்பிச் சொல்லியிருப்பேன்ல" என்று சொல்லிவிட்டு ஆயாம்மா அடுத்த குழந்தைக்குக் கையை நீட்டினார்.

இந்தப் பழக்கம் அவருக்கு ஒரு ரேடியோவிலிருந்து வந்தது. அதில் எனக்கும் கொஞ்சம் பங்கு உண்டு.

கணவன் போன பிறகு அவர் குவைத்தில் சில வருடங்கள் வீட்டு வேலை செய்தார். திரும்பி வரும்போது அந்த வீட்டம்மா ஒரு பழைய ரேடியோவைக் கொடுத்து அனுப்பினார். பல அலைவரிசைகள் கொண்ட பெட்டி. அவற்றில் ஒன்று விமானங்கள் பேசுகிற வரிசை. கேட்பவர்களுக்கு அது பெரும்பாலும் வெறும் இரைச்சல்தான். இடையில் சட்டென்று ஒரு ஆண்குரல் ஆங்கிலத்தில் வேகமாக எதையோ சொல்லிவிட்டு நின்றுவிடும். ஆயாம்மா அதைத்தான் வைத்துக் கேட்பார். குழந்தைகள் மத்தியானம் தூங்குகிற நேரத்தில், மடுவத்தின் பின்வாசலில், காலை நீட்டி உட்கார்ந்து கேட்பார். நன்றாக இழுக்க வேண்டும் என்று ஏரியலில் ஒரு கம்பியைக் கட்டிப் பலாமரத்தில் ஏற்றியிருந்தார்.

என் அப்பா தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவர். நான் இலத்திரனியல் படித்துவிட்டு, கொழும்புக்கு அருகில் ஒரு விமானப் பயிற்சிப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். விமானம் ஓட்டுவது என் வேலையல்ல. ஓட்டப் பழகுகிறவர்களுக்கு ரேடியோவில் எப்படிப் பேசுவது என்று வகுப்பெடுப்பதுதான் என் வேலை. மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். அப்படி வந்த ஒரு சனிக்கிழமை ஆயாம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, நீங்க பிளேன் ஸ்கூல்லதானே இருக்கீங்க? இதக் கேளுங்க. இவன் யாருகிட்ட பேசுறான்? மத்தவன் ஏன் பேசவே மாட்டேங்கிறான்?"

நான் கேட்டுப் பார்த்தேன். காரணம் எளிது. தரையிலிருந்து பேசுகிற கட்டுப்பாட்டாளரின் அலை மலைகளைத் தாண்டி எங்கள் பள்ளத்துக்கு வராது. விமானமோ ஆகாயத்தில் இருக்கிறது. அதற்கும் பலாமரத்துக்கும் நடுவில் எதுவும் இல்லை. அதனால் விமானியின் குரல் மட்டும் கேட்கிறது.

"அப்ப சொல்றவன் கொரலு நமக்குக் கேக்காது. பதில் சொல்றவன் கொரலுதான் கேக்கும்."

"ஆமா. ஆனா அவரு பதிலு சொல்றப்ப, கீழ இருந்து சொன்னத அப்படியே திருப்பிச் சொல்வாரு..."

"அப்ப அவன் சொன்னதும் நமக்குத் தெரிஞ்சிருது" என்று அவரே முடித்தார்.

அன்றைக்கு அரைமணி நேரம் பேசியிருப்போம். என் வகுப்பில் முதல்நாள் கரும்பலகையில் எழுதுவதையே அவரிடமும் சொன்னேன். மேகத்துக்குள் போகும் விமானிக்குக் கண் உதவாது. முன்னால் இருக்கும் கருவிகளைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும். பக்கத்தில் வேறு விமானம் இருக்கிறதா என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தவர் தரையில் இருப்பவர்தான். அவர் கொடுப்பதற்குப் பெயர் அனுமதி. எதுவரை போகலாம், எந்த வழியில், எந்த உயரத்தில், அடுத்து யாருடன் எந்த அலைவரிசையில் பேச வேண்டும், ராடாரில் அடையாளம் தெரிய எந்த இலக்கத்தைப் போட வேண்டும் என்று ஐந்து விஷயங்கள் அதில் இந்த ஒழுங்கில் வரும். எதுவரை என்று சொன்னார்களோ அதுவரைதான் அனுமதி. அதற்கு அப்பால் போக இன்னொன்று வாங்க வேண்டும். விமானி எல்லாவற்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ரோஜர்' என்றால் காதில் விழுந்தது என்று மட்டும்தான் அர்த்தம். விளங்கியது என்றோ செய்வேன் என்றோ அதற்கு அர்த்தமில்லை. திருப்பிச் சொன்னதில் பிழை இருந்தால், கேட்டுக்கொண்டிருப்பவர் 'நெகட்டிவ்' என்று மறித்துத் திருத்தியே ஆக வேண்டும். பிழையைக் கேட்டும் பேசாமல் இருந்தால் அந்தப் பிழை இருவருக்கும் சொந்தம்.

அதன் பிறகு ஆயாம்மா கேட்டது நான் எதிர்பாராத ஒன்று.

"நான் குவைத்துலருந்து வந்தப்ப பிளேன் கடலு மேல சுத்திக்கிட்டே இருந்துச்சு பாப்பா. வெளிய ஒரே வெள்ள. என்னமோ இங்கிலீசுல சொன்னாங்க. பக்கத்துல இருந்த பொம்பள வாந்தி எடுத்துக்கிட்டே இருக்கா. பாத தெரியாம சுத்துறான், எண்ண தீந்து விழப்போறோம்னு நெனச்சேன். அது என்னா?"

மழையோ நெரிசலோ இருந்தால் அப்படி வட்டமிட்டுக் காத்திருக்க வைப்பார்கள் என்றேன். காத்திருக்கச் சொல்லும்போதே, அடுத்த அனுமதியை எத்தனை மணிக்கு எதிர்பார்க்கலாம் என்றும் சொல்லிவிடுவார்கள் என்றேன்.

"அவனுக்கு நேரம் சொன்னாங்களா?"

"சொல்லியிருப்பாங்க."

"எங்களுக்கு யாரும் சொல்லல" என்றார்.

அடுத்தமுறை நான் வந்தபோது பிள்ளைமடுவத்தில் புது வழக்கம் தொடங்கியிருந்தது. 'நெகட்டிவ்' என்ற சொல் அவருக்கு மிகவும் பிடித்துப் போயிருந்தது. "நெகட்டிவ்! நான் சொன்னது கஞ்சி, பாலு இல்ல." "நெகட்டிவ்! சின்னவனுக்குத்தான் காய்ச்சல், பெரியவனுக்கு இல்ல." லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் விளையாட்டில்கூட அந்தச் சொல்லைக் கத்தினார்கள். நான் வரும்போதெல்லாம், ரேடியோவில் கேட்ட உயரம், திசைச் சொற்களுக்கு ஆயாம்மா என்னிடம் அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

தோட்டத்தில் இது எல்லோரிடமும் செல்லுபடியாகவில்லை. ஒருநாள் தோட்டத்து உதவி நிர்வாகியான சின்னத் தொர மடுவத்தைப் பார்க்க வந்தார். கூரை வேலை நடக்கப் போகிறது, பிள்ளைகளைக் கோயில் மண்டபத்துக்கு மாற்ற வேண்டும் என்றார். ஆயாம்மா கையைக் கட்டிக்கொண்டு அதைச் சொல்லுக்குச் சொல் அவரிடமே சொன்னார். சின்னத் தொரயின் முகம் சிவந்துவிட்டது. "என்ன, பழிப்புக் காட்டுறியா?" என்றார். அவர் போன பிறகு கங்காணி தலையில் அடித்துக்கொண்டார்.

"தொர சொன்னா 'சரிங்க'ன்னு குனிஞ்சு நிக்கணும். அவரு சொன்னத அவருக்கே சொல்றதுக்கு நீ யாரு?"

"காதுல விழுந்துச்சான்னு அவருக்கு எப்புடித் தெரியும்?"

"அவருக்குத் தெரிய வேணாம்! தொர சொன்னா விழுந்துரும்!"

பரம்பரையாக எங்கள் மக்கள் 'சரிங்க' என்று சொல்லியே பழகியவர்கள். அதைத் தாண்டி ஒரு சொல் சேர்ந்தாலே அது எதிர்ப்பாகிவிடும். ஆயாம்மாவுக்கு அது தெரியாமலில்லை. தெரிந்தும் அவரால் முடியவில்லை. ஒரு விஷயம் சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாமல் விட்டுவிடுவது அவரைப் பொறுத்தவரை ஒரு குழந்தையை வழியில் விட்டுவிட்டு வருவது போல.

பிறகு யுத்தத்தின் கடைசி வருடங்கள் வந்தன. ஆகாயத்திலிருந்து குண்டு போடப் புலிகளின் சிறிய விமானங்கள் வரத் தொடங்கின. கொழும்பில் திடீர் திடீரென்று மின்சாரத்தை நிறுத்தினார்கள். எங்கள் பள்ளியில் பறப்பது நின்று, வகுப்புகள் மட்டும் நடந்தன. தமிழர்கள் ரேடியோ வைத்திருப்பதே யோசிக்க வேண்டிய விஷயமாகிவிட்டது. நான் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆயாம்மாவிடம் போனேன்.

"கொஞ்ச காலத்துக்கு அந்த வரிசையக் கேக்காதீங்க. கம்பியக் கழட்டிருங்க. ரேடியோவ எங்க வீட்டுல வெச்சிருங்க."

"கம்பியக் கழட்டணும். ரேடியோவ ஒங்க வீட்டுல வெக்கணும். வெளங்குது" என்றார். "ஆனா செய்யமாட்டேன் பாப்பா. எல்லாருக்கும் தெரிய வெச்சிருக்கிறத திடீர்னு ஒளிச்சு வெச்சா, அப்பத்தான் என்னமோ இருக்குன்னு ஆகும்."

அதிலும் ஒரு நியாயம் இருந்தது.

அடுத்த மாதம் இராணுவமும் பொலிசும் தோட்டத்தைச் சுற்றி வளைத்தார்கள். ஆண்களைப் பெரட்டுக் களத்தில் உட்கார வைத்துவிட்டு லயங்களைச் சோதித்தார்கள். பிள்ளைமடுவத்துக்குப் போனவர்கள் முதலில் கண்டது பலாமரத்துக் கம்பியைத்தான். சும்மா ஒரு கேள்வி கேட்க வேண்டும் என்று ஆயாம்மாவையும் ரேடியோவையும் டவுன் பொலிசுக்குக் கொண்டுபோனார்கள். நான் வீட்டிலிருந்தேன். பயிற்சிப் பள்ளி அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

ஸ்டேஷன் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. நடுத்தர வயதுக்காரர். களைத்துப்போயிருந்தார். என்னை உட்காரச் சொன்னார். ஆயாம்மா சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ரேடியோ. எங்கள் பேச்சு சிங்களத்தில்தான் நடந்தது.

"இது பேசுமா?" என்று ஓ.ஐ.சி. ரேடியோவைக் காட்டினார்.

"பேசாது சேர். கேட்க மட்டும்தான். ஒலிவாங்கி இல்லை. அலை அனுப்பும் பகுதியே உள்ளே இல்லை. யாரும் கடையில் வாங்கலாம். கேட்பது பயணிகள் விமானங்களின் பேச்சு. அதில் இரகசியம் ஒன்றும் கிடையாது."

ஒவ்வொன்றுக்கும் அவர் தலையசைத்தார். என் விளக்கம் அவருக்கும் பிடித்திருந்தது போலிருந்தது. சனிக்கிழமை மத்தியானம். அவருக்கும் வீடு இருக்கும்.

"சரி மிஸ். பேசுகிறது இந்த மனுஷிக்கு விளங்குமா?"

எல்லாம் அந்தக் கேள்வியில்தான் இருந்தது. விளங்காது என்றால், வெளிநாட்டுப் பெட்டியை இரைச்சலுக்காக வைத்திருக்கும் ஒரு ஆயா. விளங்கும் என்றால், விமானங்கள் எங்கே எப்போது இறங்குகின்றன என்று தெரிந்த ஒரு தமிழ்ப் பெண்.

"இல்லை சேர். இவருக்கு ஆங்கிலம் தெரியாது. பாட்டுக் கேட்பது மாதிரிச் சத்தத்தைக் கேட்பார்."

ஓ.ஐ.சி. எழுதத் தொடங்கினார்.

"நெகட்டிவ்" என்றார் ஆயாம்மா.

ஓ.ஐ.சி.யின் பேனா நின்றது. ஆயாம்மாவின் சிங்களம் எங்களில் யாருடையதையும்விடச் சுத்தமானது. "சேர், பாப்பா என்னைக் காப்பாத்தத் தப்பாச் சொல்றாங்க. எனக்கு விளங்கும்" என்றார்.

"ஆயாம்மா, பேசாம இருங்க" என்று தமிழில் சொன்னேன்.

"தமிழில் என்ன சொன்னீர்கள்?" என்று ஓ.ஐ.சி. என்னைப் பார்த்தார். அந்த ஒரு வாக்கியத்தால் நானும் விசாரிக்கப்படுகிறவர்களின் பக்கம் போய்விட்டேன்.

ஆயாம்மா எழுந்து நின்றார். பிள்ளைமடுவ வாசலில் நிற்பது போலவே நின்றார். முந்தின நாள் மத்தியானம் கேட்டதைச் சொன்னார். "டிசெண்ட் ஃப்ளைட் லெவல் வன் த்ரீ ஸீரோ, டர்ன் லெஃப்ட் ஹெடிங் டூ செவன் ஸீரோ." விமானியின் அதே ஏற்ற இறக்கம். கதவருகே நின்ற கான்ஸ்டபிள் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்திக்கொண்டான். "அப்படின்னா சேர், கீழே இருக்கிறவர் அவரைப் பதிமூவாயிரம் அடிக்கு இறங்கச் சொல்லியிருக்கார். இடது பக்கம் திரும்பி நேரே மேற்கே வரச் சொல்லியிருக்கார். கட்டுநாயக்கவுக்குப் போறவர்."

ஓ.ஐ.சி. அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார்.

"மிஸ், இவள் சொல்வது சரியா?"

பயணிகள் விமானம், எல்லோருக்கும் கேட்கிற பேச்சு என்று மறுபடி தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். சரியா, பிழையா என்று மட்டும் கேட்டார். சரி என்றேன். அவர் எழுதியிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிய தாள் எடுத்தார்.

வராந்தாவில் எங்களை ஐந்து நிமிடம் பேச விட்டார்கள். "ஏன் ஆயாம்மா? நான் சொன்னதோட விட்டிருந்தா வீட்டுக்குப் போயிருக்கலாமே" என்றேன்.

"அவரு எழுதிட்டாரு பாப்பா. தெரியாதுன்னு எழுதிட்டா அப்பறம் அதுவே நெலச்சு நின்னுரும். நாளைக்கு வேற ஒருத்தன் கேப்பான், நாளன்னிக்கு இன்னொருத்தன் கேப்பான். தெரிஞ்சதத் தெரியாதுன்னு நான் எத்தன பேருக்குத் திருப்பிச் சொல்றது? ஒரு எடத்துல மாறிச் சொல்லிட்டா?" என்றார். பிறகு, "நான் ஒன்னும் செய்யலயே. கேட்டேன், அவ்வளவுதானே" என்றார்.

விசாரணைக்குக் கொழும்புக்கு அனுப்புமுன், உடுதுணி எடுக்க ஒரு சார்ஜன்ட் அவரை ஜீப்பில் தோட்டத்துக்குக் கூட்டிவந்தார். என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். ஆயாம்மா லயத்துக்குப் போகுமுன் மடுவத்துக்குப் போனார். அங்கே சந்திரா என்ற இளம்பெண்ணைப் பிள்ளைகளுக்குக் காவல் வைத்திருந்தார்கள். ஆயாம்மா ஒவ்வொரு தொட்டிலாக நின்று சொல்லிக்கொண்டே போனார். எவனுக்கு இழுப்பு வரும், எவள் மண் தின்பாள், யாருடைய அப்பன் குடித்துவிட்டு வந்தால் பிள்ளையைக் கொடுக்கக் கூடாது. சந்திரா "சரி ஆயாம்மா, சரி ஆயாம்மா" என்று அழுதாள்.

"அழுதுக்கிட்டுக் கேக்காத. பாதி காதுல விழாது. மூக்கச் சிந்திட்டு மொதல்லருந்து சொல்லு."

சார்ஜன்ட் வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து ஒரு தொட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். கடைசிக் குழந்தைவரை சந்திரா சொல்லி முடித்த பிறகுதான் ஜீப் கிளம்பியது. அது அவிசாவளைப் பக்கம் திரும்பியதைப் பார்த்தேன்.

கொழும்பில் அவரை எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியவே பல வாரங்கள் ஆயின. குருவிட்டவில் கடை வைத்திருந்த அவருடைய அண்ணனும் நானும் மாறி மாறி அலைந்தோம். ரேடியோ எப்படி இயங்குகிறது என்று எழுதி நான் கொடுத்த கடிதத்தை வாங்கியவர்கள், நான் யார், எங்கே பிறந்தேன், என் அப்பா எந்த ஊர் என்று கேட்டார்கள். கடிதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை. எப்போது விடுவீர்கள் என்று கேட்டால், விசாரணை நடக்கிறது என்பார்கள். எப்போது வந்து கேட்கலாம் என்று கேட்டாலும் அதே பதில்தான். அந்த வாரங்களில் ஒருநாள் வகுப்பில், காத்திருக்க வைக்கும் விமானத்துக்கு நேரம் சொல்ல வேண்டும் என்ற பாடம் வந்தது. நடத்தினேன். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பார்க்க அனுமதி கிடைத்தபோது இரண்டு கம்பி வலைகளுக்கு இரண்டு பக்கத்திலும் நின்றோம். நடுவில் ஆள் நடக்கிற இடைவெளி. இரண்டு பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். இருவர் ஒன்றாகப் பேசினால் இருவர் பேச்சும் கெட்டுப்போகும் என்று வகுப்பில் சொல்வேன். அங்கே நூறு பேர் பேசினார்கள். ஆயாம்மா மெலிந்திருந்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூட எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதும் அவருக்குக் கேட்டிருக்காது.

யுத்தம் முடிந்த பிறகு ஒருநாள், வழக்கு எதுவும் போடாமல் அவரை வெளியே விட்டார்கள். பிள்ளைமடுவ வேலை சந்திராவுக்கு நிரந்தரமாகியிருந்தது. ஆயாம்மா குருவிட்டவில் அண்ணன் வீட்டோடு இருந்துவிட்டார். நான் போனபோது கடையின் பின்கட்டில் பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். சுளகிலிருந்து கண்ணை எடுக்காமலே என்னை விசாரித்தார். அப்பா எப்படி, வேலை எப்படி, கல்யாணம் பேசுகிறார்களா. நான் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டார்.

பிறகு சுளகைக் கீழே வைத்தார்.

"பாப்பா, ஒன்னு கேக்கணும்னு இருந்தேன். அன்னைக்கு ஓ.ஐ.சி. மாத்தயாகிட்ட நான் சொன்னேன்ல, பிளேன்காரன் சொன்னது. அதுல ஏதாச்சும் பெசகிட்டனா?"

"இல்ல ஆயாம்மா. ஒன்னுகூடப் பெசகல."

"ஒயரம்?"

"சரியாச் சொன்னீங்க."

"திரும்புனது?"

"அதுவும் சரி."

"அப்ப எதுக்குங்க என்னைய வெச்சிருந்தாங்க?"

அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். ஆயாம்மா அதை எடுக்கவில்லை. பதிலுக்காக என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.